திரும்பி வந்த கப்பலின் கணக்கு

எங்கள் ஊரில் கதவு எண்ணைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடும். ரங்கூன்காரர் வீடு, கண்டியார் வீடு, பினாங்கு வீடு. அந்த வரிசையில் எங்களுடையது ‘நெட்டாலான் வீடு’. நெட்டால் என்பது ஆள் பெயரா, ஊர்ப் பெயரா, வசவா என்பது பதினைந்து வயது வரை எனக்குத் தெரியாது. “ஆள் நெட்டையா இருந்திருப்பாரு” என்று அப்பா ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னது பெரியத்தை. “உங்க பூட்டன்டா. கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனாரு. பத்துப் பதினோரு வருசம் கழிச்சு ஒரு தகரப் பெட்டியோட வந்தாரு. வந்து நிலம் வாங்குனாரு. அதுக்கு மேல என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்?”

நேட்டால். இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் போய் நின்றதில் தொடங்கி, 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் பூட்டனும் ஒருவர்.

இப்போதெல்லாம் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரிசியஸிலிருந்தும் ஆட்கள் வேர் தேடி வருகிறார்கள். தமிழ் தெரியாது. ஆனால் கையில் ஒரு அச்சுப்பிரதி இருக்கும். அதில் மூதாதையின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு டீக்கடையில் நின்று விசாரிப்பார்கள். போய் அங்கேயே தங்கிவிட்டவரின் கொள்ளுப்பேரனுக்கு நான்கு தலைமுறை தெரிகிறது. திரும்பி வந்தவரின் கொள்ளுப்பேரனான எனக்கு ஒரு தகரப் பெட்டிதான் தெரிந்தது. இந்த முரண்தான் என்னைத் தேட வைத்தது.

டிக்கெட் யார் செலவு?

சில வருடங்கள் அலைந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒரே பாடம். அரசாங்கம் மனிதர்களைப் பதிவு செய்வதில்லை, செலவைப் பதிவு செய்கிறது. திரும்பி வந்தவரைத் தேட வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்போது வந்தார்’ என்பதல்ல, ‘வந்ததற்கு யார் காசு கொடுத்தார்கள்’ என்பது. அடுத்தவன் காசு கொடுத்திருந்தால் எங்காவது ஒரு காகிதம் இருக்கும். சொந்தக் காசில் வந்தவர் காற்றோடு வந்தவர் மாதிரி.

ஒப்பந்தக் கூலிகள் விஷயத்தில் காசு கொடுத்தது காலனி. நேட்டாலில் ஐந்து வருட ஒப்பந்தம், பத்து வருடம் அங்கே இருந்துவிட்டால் திரும்பும் கப்பல் இலவசம். பிஜியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. இலவசமாக ஏற்றுகிறவன், ஏறுகிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பான் இல்லையா? அதற்காகப் பழைய பேரேட்டைத் திறப்பான். நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பெயரைவிட அந்த எண்தான் முக்கியம். டர்பன் ஆவணக்காப்பகத்தில் உள்ள கப்பல் பேரேடுகளில் கடைசியாக ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. இறந்தார், ஓடிப்போனார், வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார் என்று சின்னச் சின்னக் கிறுக்கல்கள். அந்தப் பத்தியில்தான், பலருக்கு, இன்ன கப்பலில் இந்தியா திரும்பினார் என்ற வரியும் இருக்கிறது. தேடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பத்திகளைப் படித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் தட்டச்சுப் படியோடு நிற்காமல், மூலப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

மொரிசியஸில் இந்தக் கருவூலம் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கிறது. குடியேறியவர்களின் பேரேடுகளோடு, 1860-களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் உண்டு. முன்னோரின் முகத்தையே பார்க்கலாம் என்பது வேறெந்த நாட்டுத் தேடலிலும் சுலபமாக வாய்க்காத பாக்கியம். பிஜிக்குப் போனவர்களின் குடிபெயர்வுச் சீட்டுகள் சூவாவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில்.

திரும்பியவர்கள் சும்மா வரவில்லை, பேசவும் செய்தார்கள். 1871-இல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ என்ற கப்பல், நேட்டாலில் பத்து வருடம் முடித்த முதல் கூட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. இறங்கியவர்கள் நேராகக் குடிபெயர்வோர் பாதுகாப்பாளரிடம் போய் அடி, பட்டினி, கூலிப் பிடித்தம் என்று வரிசையாகப் புகார் கொடுத்தார்கள். அதன் விளைவாக 1872-இல் நேட்டாலில் ‘கூலி கமிஷன்’ அமைக்க வேண்டியதாயிற்று. 1866-இல் நின்றுபோயிருந்த ஆளேற்றம் 1874 வரை மறுபடி தொடங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்த மனிதர்கள், கரையிறங்கிய கையோடு ஒரு பேரரசின் வியாபாரத்துக்குக் கேள்வி வைத்திருக்கிறார்கள். சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அந்தக் காலத்து நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டும்போது இது மனதில் இருந்தால் தூசி அவ்வளவாக உறுத்தாது.

அங்கே தேட வேண்டிய இன்னொன்று இறந்துபோனவர்களின் பணப் பட்டியல். காலனியில் செத்தவர் விட்டுப்போன பவுன், ஷில்லிங்குக்கு இங்கே வாரிசு தேடுவதற்காகப் பெயரும் ஊரும் எழுதி அனுப்புவார்கள். தன் ஆள் அதில் இல்லையென்றாலும் அதே கிராமத்து ஆள் இருக்கக்கூடும். ஒரே ஊர்க்காரர்கள் பல சமயம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ஒருவரைப் பிடித்தால் பக்கத்து எண்களில் மற்றவர்கள் கிடைக்கக்கூடும்.

ஒரு வருடம் வேறொருவரின் கொள்ளுப்பேரனாக

என் கதைக்கு வருகிறேன். பூட்டன் பெயர் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர். தகப்பன் பெயரும் அப்படியே. அதை ஒரு வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினால் என்ன ஆகும்? முதலியார் அங்கே போய் ‘மூட்லி’ ஆன கதைதான். நம் ஆட்கள் பெயரைச் சொல்ல, துபாஷ் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல, குமாஸ்தா தன் பாஷையில் எழுத, நூறு வருடம் கழித்து இன்னொருவர் அதைக் கணினியில் ஏற்ற, ஒரே பெயருக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல். நான் எல்லாவற்றையும் போட்டுத் தேடினேன். எங்கள் தாலுகா, ஏறக்குறைய எங்கள் ஊர்ப் பெயர், சரியான வயது, எல்லாம் பொருந்தி ஒருவர் கிடைத்தார். குடும்பமே கொண்டாடியது. தம்பி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினான்.

ஒரு வருடம் கழித்துத்தான் மூலப் பக்கத்தின் படம் கைக்கு வந்தது. குறிப்புப் பத்தியில் இருந்தது ஒரே சொல். அவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருடமே இறந்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாமல் செத்த ஒரு மனிதருக்கு ஒரு வருடம் நான் கொள்ளுப்பேரனாக இருந்திருக்கிறேன். சட்டத்தை இன்னும் கழற்றவில்லை. யாராவது ஒருவர் நினைத்துக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. திரும்பியவர்களில் கணிசமானவர்கள் மறுபடியும் போனார்கள். கையில் இருந்த காசு கரைந்ததும், ஊரார் சாதியை விட்டுத் தள்ளி வைத்ததும், பழகிய கரும்புக்காடே மேல் என்று நினைத்ததும் காரணங்கள். அப்படிப் போனவருக்குப் பேரேட்டில் இரண்டாவது எண் விழும். சில சமயம் பெயரையே மாற்றிக் கொடுத்திருப்பார்.

ஊர் திரும்ப மனமில்லாமலே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தனி ரகம். நேட்டாலில் ஒப்பந்தம் முடித்துத் தங்கியவர்களை விரட்ட 1895-இல் தலைக்கு 3 பவுன் வரிச் சட்டம் வந்தது. டிரான்ஸ்வாலில் காந்தியோடு சத்தியாக்கிரகம் செய்த தமிழர்கள் பலர் 1910-இல் நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் தேடிக் கொடுத்தவர் பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன். அப்படி வந்து மறுபடி கப்பலேறிய நாராயணசாமியை எந்தத் துறைமுகத்திலும் இறங்கவிடாமல் அலைக்கழித்தார்கள், கடைசியில் டெலகோவா விரிகுடாவில் அவர் இறந்தார். இந்தத் தலைமுறையைத் தேடுகிறவர்கள் ‘இந்தியன் ஒப்பினியன்’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் பார்க்காமல் விடக்கூடாது. 1903-இல் தொடங்கியது, சிறை போனவர்கள் பெயரெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது.

1927-இல் கேப்டவுன் உடன்பாடு. இந்தியாவுக்குத் திரும்பச் சம்மதித்தால் பெரியவருக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன், கப்பல் இலவசம். மூன்று வருடத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் உரிமை போய்விடும். மறுபடி பாருங்கள், காசு கைமாறுகிறது, காகிதம் பிறக்கிறது. வந்திறங்கியவர்களில் பலர் நேட்டாலில் பிறந்த பிள்ளைகள். இந்தியாவையே பார்த்ததில்லை. அவர்களை ‘திரும்பியோர்’ என்று எழுதிக்கொண்டது சர்க்கார். இந்தத் திட்டத்தில் வந்தவர்களின் கோலத்தை பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் ஒரு அறிக்கையாகவே எழுதி வெளியிட்டார்கள். தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் இந்தக் காலத்துக் குடிபெயர்வுக் கோப்புகளை வீட்டில் இருந்தபடியே தேடலாம்.

துண்டும் தகரமும்

இலங்கைக் கதை வேறு. அங்கே போக ஒப்பந்தமும் இல்லை, பேரேடும் இல்லை. கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போவார். காப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலை வந்த பிறகுதான் வருடம் முழுக்கக் கொழுந்து, வருடம் முழுக்க வேலை, லயம் என்ற வரிசை வீடுகளில் நிரந்தர வாசம் என்றானது. போவதும் வருவதும் சொந்தக் கணக்கு, அல்லது கங்காணியின் கடன் கணக்கு. ஆகவே சர்க்கார் காகிதம் குறைவு, கடன் காகிதம் அதிகம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். ஆட்களின் பேரும் கங்காணிக்கு எவ்வளவு பாக்கி என்பதும் அதில் இருக்கும். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். கழுத்தில் கட்டிக்கொண்டு போன தகர வில்லையில் தோட்டத்தின் எண் குத்தியிருக்கும். இன்றும் சில வீடுகளில் அரைஞாண் சாவிக்கொத்தோடு அந்த வில்லை கிடக்கிறது, என்னவென்று தெரியாமலே. அந்த எண்ணிலிருந்து தோட்டத்தைப் பிடிக்கலாம். தோட்டத்தைப் பிடித்தால் செக்ரோல் என்ற ஆள் பேரேடு, பிறப்பு இறப்புப் பதிவு என்று வழி திறக்கும்.

மலையகத் தமிழர் ஆவணங்களில் என்னை உலுக்கியது 1949-ஆம் வருடத்து இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட மனுக்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. ஒவ்வொரு மனுவிலும் குடும்பம் முழுக்க இருக்கும்: யார் எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தில் எப்போது பேர் போட்டார். வம்சாவளி தேடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு கொடுமை உண்டு. தொடர்ந்து இலங்கையில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்தது என்று கணக்கு. குலசாமிக்குப் பொங்கல் வைக்கவும், தங்கை கல்யாணத்துக்கும், தகப்பன் காரியத்துக்கும் ஊருக்கு வந்து தங்கிப்போன மாதங்களை யார் சொல்வார்கள்? மறைத்தார்கள். நாம் இன்று எந்தப் பயணத்தைத் தேடுகிறோமோ, அதை மறைப்பதுதான் அன்று அவர்களின் பிழைப்பாக இருந்தது. இந்த மனுக்களில் ‘இந்தியா சென்றதில்லை’ என்று இருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், ஊர்க்கோயில் உபயக் கல்லையும் ஒரு தரம் பாருங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குடியுரிமை இல்லாமல் நின்ற 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் ஆகி இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அதனால் தலைமன்னாரில் ஏறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இந்தியத் தூதரகம் கொடுத்த ‘பேமிலி கார்டு’தான் அவர்களின் பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, ஜாதகம் எல்லாம். குடும்பத் தலைவர் பெயரும், கூட வந்தவர்கள் பெயரும், புனர்வாழ்வுக்கு எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். மண்டபம் கேம்ப்பில் தங்கவைத்து, நீலகிரியின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள், கன்னியாகுமரி ரப்பர், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர், ஆந்திர நூற்பாலைகள் என்று பிரித்து அனுப்பினார்கள்.

மண்டபம் கேம்ப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அக்கரைக்குப் போன கூலிகளை நோய் பரவாமலிருக்க நாள் கணக்கில் அடைத்துவைத்த இடம் அது. அதே இடம்தான் ஒப்பந்தத்தில் திரும்பியவர்களின் முதல் கூரை. 1983-க்குப் பிறகு அகதிகளின் முகாமும் அதே. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை, மூன்று வேறு பெயரில், அங்கே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனால் ‘சிலோன்காரங்க’ வீடுகளில் பேமிலி கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று வாங்கப் போனால் இன்றும் அதைக் கேட்கும் அலுவலகம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பும் அலுவலகமும் இருக்கிறது. அங்கே வயதானவர்கள் சந்தித்தால் ‘எந்த ஊர்’ என்று கேட்டுக்கொள்வதில்லை. ‘எந்தத் தோட்டம்’ என்றுதான் கேட்கிறார்கள். தேடுகிறவர்களுக்கும் அதுவே சரியான முதல் கேள்வி.

பர்மாவைப் பற்றிச் சுருக்கமாக. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழி நடந்து வந்தவர்களுக்கு உயிர்தான் ஆவணம். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசுடைமையாக்கி, 1964-இல் பெரிய நோட்டுகளையும் செல்லாததாக்கிய பிறகு கப்பலில் வந்தவர்களின் கதை அப்படியல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களிடம் பர்மிய அரசு கொடுத்த வெளிநாட்டவர் பதிவுச் சான்று இருந்தது, ‘எப்.ஆர்.சி.’ என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். கடை வைக்கக் கடன், வீட்டுமனை, பர்மா பஜாரில் இடம், ரெப்கோ வங்கியில் உறுப்பினர் என்று இங்கே வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு.

பங்காளிச் சண்டைக்கு நன்றி

என் பூட்டனுக்கு நேட்டாலும் கை கொடுக்கவில்லை, எழும்பூரும் கை கொடுக்கவில்லை. கை கொடுத்தது பங்காளிகள்.

கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் நிலம் வாங்கினால் அது எல்லோருக்கும் பொது என்று அண்ணன் தம்பிகள் பாகம் கேட்பார்கள். ‘இது பூர்வீகம் இல்லை, என் சுயார்ஜிதம்’ என்று அவர் நிரூபிக்க வேண்டும். அக்கரைக்குப் போய்ச் சம்பாதித்தவருக்கு அதைவிடப் பெரிய வாதம் எது? அதனால் திரும்பி வந்தவர்களின் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், முன்சீப் கோர்ட்டு வழக்கு ஆகியவற்றில், எங்கே போனார், எத்தனை வருடம் இருந்தார் என்ற விவரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பழைய பெயர் அட்டவணையில் கையால் தேட வேண்டும். மூன்று முறை இல்லை என்றார்கள். நான்காவது முறை, அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா, “தகப்பன் பேர்ல தேடுனீங்களா, பொண்டாட்டி பேர்ல தேடிப் பாருங்க சார்” என்றார்.

பூட்டி பெயரில் இருந்தது. பாகம் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பூட்டன் நிலத்தை அவள் பேரிலேயே வாங்கியிருக்கிறார். பிறகு அதற்கும் தகராறு வந்து எழுதிய ஒப்பந்தப் பத்திரத்தில், இவர் நெட்டால் தேசம் சென்று பத்து வருஷம் உழைத்துக் கொண்டுவந்த ரொக்கத்தில் வாங்கியது என்று அண்ணன்மார் மூவரும் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்திருக்கிறார்கள். வருடம் இருந்தது. வருடத்திலிருந்து பத்தைக் கழித்தேன். போன கப்பல்கள் நாலைந்தாகச் சுருங்கின. அந்தப் பேரேடுகளில் எங்கள் தாலுகா, அந்தப் பெயர், ‘இந்தியா திரும்பினார்’ என்ற குறிப்பு, மூன்றும் சேர்ந்தவர்கள் இருவர். ஒருவருக்கு அங்க அடையாளம் இடது கெண்டைக்காலில் தழும்பு. மற்றவருக்கு எதுவும் எழுதவில்லை.

பூட்டனைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள். தொண்ணூறைத் தாண்டிய பெரியத்தை, சின்னப் பிள்ளையாக அவர் மடியில் உட்கார்ந்தவள். உடனே போன் போட்டேன்.

“தாத்தாவுக்குக் கெண்டைக்கால்ல தழும்பு இருந்துச்சா அத்தை?”

நீண்ட நேரம் யோசித்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“யாருடா பார்த்தா? அவரு வேட்டியை ஒரு நாளும் மடிச்சுக் கட்டுனதே இல்லையே.”